விருதுப் படத்தை நம்ம ஊரில் திரையிடுவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரிக்கான கையேடு

"அவார்டு படமா? பாதியில் எழுந்து போய்விடுவார்கள்." திரையிடல் நடத்தலாம் என்று இந்தப் பக்கம் யார் கிளம்பினாலும் முதலில் காதில் விழுவது இதுதான். எழுந்து போவது உண்மை. ஆனால் எழுந்து போனவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று பாருங்கள். பெரும்பாலும் கடைசி வரிசை. அங்கிருந்து சப்டைட்டில் தெரியாது, முன்னால் இருப்பவரின் தலை மறைக்கும். வசனம் மண்டபத்து எதிரொலியில் கரைந்திருக்கும். படமும் வெளுத்துப் போயிருக்கும். இந்த மூன்றையும் சரிசெய்யாமல் ஊர்க்காரர்களின் ரசனையைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

இங்கே சொல்வதெல்லாம் 100 முதல் 150 பேர் வரை உட்காரும் இடத்துக்குப் பொருந்தும். பள்ளிக் கூடம், சின்னக் கல்யாண மண்டபம், சமுதாயக் கூடம், ஊர்த் திடல், எதுவானாலும் சரி.

எந்த விருது, எந்தப் படம்

முதலில் செய்தியைச் சரியாகப் படிக்க வேண்டும். ஜனவரி வந்தால் அவ்வப்போது ஏதாவது ஒரு தமிழ்ப் படம் "ஆஸ்கர் பட்டியலில் இடம்பெற்றது" என்று செய்தி வரும். அது பெரும்பாலும் தகுதிப் பட்டியல். விதிப்படி திரையிட்டு, விண்ணப்பித்திருந்தாலே அதில் பெயர் வந்துவிடும். 2022-ல் 'ஜெய் பீம்' இருந்த அந்தப் பட்டியலில் மொத்தம் 276 படங்கள். பரிந்துரை என்பது அதற்கு அடுத்த கட்டம், அதில் அந்தப் படம் வரவில்லை. சர்வதேசப் படப் பிரிவு வேறு கதை. அதற்கு ஒவ்வொரு நாடும் ஒரே ஒரு படம் அனுப்பலாம். இந்தியாவுக்காக ஃபிலிம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா தேர்ந்தெடுக்கிறது. வந்தவற்றிலிருந்து 15 படங்கள் கொண்ட குறும்பட்டியல், அதிலிருந்து ஐந்து பரிந்துரைகள், கடைசியில் ஒரு விருது. வெற்றிமாறனின் 'விசாரணை', வினோத்ராஜின் 'கூழாங்கல்' இரண்டும் இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டவை. பரிந்துரை வரை போகவில்லை. அதனால் படத்தின் மதிப்பு குறையாது, 'கூழாங்கல்' 2021-ல் ரோட்டர்டாம் விழாவின் டைகர் விருதை வாங்கிய படம். ஆனால் நோட்டீசில் "ஆஸ்கர் வென்ற" என்று போட்டுவிட்டால் நாளைக்கு நீங்கள் சொல்லும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆண்டுக் கணக்கிலும் குழப்பம் வரும். 2025 மார்ச்சில் கொடுத்த ஆஸ்கர் 2024-ல் வந்த படங்களுக்கானது. தேசிய விருது இன்னும் பின்தங்கி வரும். 71-வது தேசிய விருது 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டாலும் அது 2023-ம் ஆண்டுப் படங்களுக்கு. சிறந்த தமிழ்ப் படமாக 'பார்க்கிங்' தேர்வானது அதில்தான். படத்தைத் தேடும்போது படம் வெளியான ஆண்டைப் போட்டுத் தேடுங்கள், விழா நடந்த ஆண்டைப் போட்டால் வேறு ஏதாவது கிடைக்கும்.

விருதைப் பார்த்தே படத்தின் குணத்தை ஓரளவு ஊகிக்கலாம். ஆஸ்கரின் சிறந்த படத்துக்கு ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். பரிந்துரையான படங்களை ஒன்று, இரண்டு, மூன்று என வரிசைப்படுத்தி எழுதும் முறை அது. யாருக்கும் பெரிதாகப் பிடிக்காமல் போகாத படம் அதில் மேலே வரும். கான் விழாவின் தங்கப் பனை ஒரு சிறு நடுவர் குழுவின் முடிவு என்பதால் அங்கே முரட்டுப் படங்களும் வெல்லும். 'பாராசைட்' போல இரண்டையும் வாங்கும் படங்கள் குறைவு. கூட்டம் எப்படிப்பட்டது என்று தெரியாத முதல் திரையிடலுக்குத் தங்கப் பனைப் படத்தை எடுக்காதீர்கள்.

விருது என்றால் குடும்பத்தோடு பார்க்கலாம் என்றும் அர்த்தமில்லை. 2025-ல் சிறந்த படமான 'அனோரா' முழுக்க வயது வந்தோருக்கானது. 'பாராசைட்'டிலும் பெரியவர்கள் நெளியும் காட்சியும் ரத்தமும் உண்டு. போடப்போகும் படத்தை நடத்துகிறவர்களில் இருவராவது முதலிலிருந்து கடைசி வரை பார்த்திருக்க வேண்டும். ஓட்டி ஓட்டிப் பார்த்தது கணக்கில் வராது.

ஆரம்பத்துக்கு எங்கள் பரிந்துரை இப்படி:

முதல் மாதம் வசனமே இல்லாத படம். 'ஃப்ளோ' என்ற லாத்வியா நாட்டு அனிமேஷன் படம் 2025-ல் ஆஸ்கர் வாங்கியது. 85 நிமிடம், ஒரு பூனையும் சில விலங்குகளும் வெள்ளத்தில் தப்பிப் போகும் கதை, மனிதக் குரலே கிடையாது. சப்டைட்டில் சிக்கல் இல்லை என்பதால் திரை, ஒலி இரண்டையும் சோதிக்க வசதி. தளி, ஓசூர் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் அதிகம். பலருக்குத் தமிழ் பேச்சு புரியும், எழுத்து வராது. அவர்களுக்கும் இது நேராகப் போய்ச் சேரும்.

இரண்டாவது, தமிழிலேயே பேசும் விருதுப் படம். 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' 2023-ல் சிறந்த ஆவணக் குறும்படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது, சுமார் 40 நிமிடம். முதுமலைத் தெப்பக்காட்டில் எடுத்த படம் என்று எல்லோருக்கும் தெரியும். அதில் வளரும் யானைக் குட்டி ரகு, கிருஷ்ணகிரி மாவட்டத் தேன்கனிக்கோட்டைக் காட்டில் மீட்கப்பட்டது என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது. விருது அறிவித்த மார்ச் 13 காலையில், படத்தில் ரகுவை வளர்க்கும் பொம்மன் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தார், தாயைப் பிரிந்த யானைக் குட்டி வேலையாக. இதைப் படம் முடிந்தபின் சொல்லுங்கள். முன்னால் சொன்னால் எல்லோரும் ரகுவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவதாக, தருமபுரியைக் கதைக்களமாகக் கொண்ட 'ஜோக்கர்'. 64-வது தேசிய விருதில் சிறந்த தமிழ்ப் படம், பாடகர் சுந்தரய்யருக்கும் விருது. இதற்குக் கூட்டம் தானாக வரும், விவாதமும் சூடாக இருக்கும். பஞ்சாயத்துக் கட்டடத்தில் போடுவதாக இருந்தால் தலைவருக்குக் கதையை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

வேற்றுமொழிப் படம் நான்காவது மாதத்துக்கு மேல்தான். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு என்றால் 'பீரியட். எண்ட் ஆஃப் சென்டன்ஸ்' முன்னாலேயே போடலாம். 26 நிமிடம், இந்தி, 2019 ஆஸ்கர், கோவை முருகானந்தம் வடிவமைத்த நாப்கின் இயந்திரம் ஒரு வடநாட்டுக் கிராமத்துக்கு வந்த கதை.

அனுமதி

வீட்டில் கட்டும் ஓ.டி.டி. சந்தா வீட்டுக்கு மட்டும். அதை ஊருக்குத் திரையிட்டால் இலவசமானாலும் மீறல்தான். நேர் வழிகள் இவை.

பள்ளி, கல்லூரிக்குள் என்றால் காப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52 இடம் கொடுக்கிறது. நிறுவனத்தின் செயல்பாட்டின் பகுதியாகத் திரையிட வேண்டும். பார்வையாளர்கள் ஆசிரியர், ஊழியர், மாணவர், பெற்றோர், நிறுவனத்தோடு நேரடித் தொடர்புள்ளவர்கள் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும். பக்கத்துத் தெருவையும் கூப்பிட்டால் இந்த விலக்கு போய்விடும்.

நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்த ஆவணப் படங்கள் சிலவற்றுக்குக் கல்வித் திரையிடல் அனுமதி தருகிறது. படத்தின் விவரப் பகுதியில் அந்த அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கட்டணம், நன்கொடை, விளம்பரம் எதுவும் இல்லாமல் போடலாம். நோட்டீசில் நிறுவனத்தின் சின்னத்தை அச்சிடக் கூடாது.

பழைய படங்களுக்கு இந்தியச் சட்டப்படி காப்புரிமை 60 ஆண்டு. வெளியான அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ண வேண்டும். 1955-ன் 'பதேர் பாஞ்சாலி', 1959-ன் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' இரண்டும் அந்தக் காலத்தைத் தாண்டியவை. சிவாஜி 1960-ல் கெய்ரோ ஆசிய ஆப்பிரிக்கப் பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கியது இந்தக் கட்டபொம்மனுக்காகத்தான். புதிதாக மெருகேற்றிய பிரதி, புதிதாக எழுதிய சப்டைட்டில் ஆகியவற்றுக்குத் தனி உரிமை கோரப்படலாம் என்பதை மட்டும் கவனியுங்கள்.

மற்ற எல்லாவற்றுக்கும் தயாரிப்பாளருக்கோ விநியோகஸ்தருக்கோ எழுதிக் கேட்பதுதான் வழி. குறைந்தது ஆறு வாரம் முன்பு எழுதுங்கள். மின்னஞ்சலில் இருக்க வேண்டியவை: இடம், தேதி, எத்தனை பேர், கட்டணம் உண்டா, எந்த வடிவத்தில் படம் வேண்டும், தமிழ் சப்டைட்டில் நீங்களே போடப்போகிறீர்களா. கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மொழிபெயர்ப்புக்கும் அனுமதி வேண்டும், பின்னால் தனியாகக் கேட்டால் இன்னொரு மாதம் போகும். பதில் எழுத்தில் வரட்டும், போனில் "போட்டுக்கங்க சார்" என்றதை நம்பி நோட்டீஸ் அடிக்காதீர்கள்.

தொடர்ந்து நடத்தப் போகிறீர்கள் என்றால் திரைப்படச் சங்கமாகப் பதிவு செய்து, 1959-ல் சத்யஜித் ராய் தலைமையில் தொடங்கிய இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பில் சேருவது லாபம். பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்று கட்டாயம், ஆனால் உறுப்பினர்களுக்கு மட்டும் திரையிடும் சங்கங்களுக்கு அதில் விலக்கு உண்டு. புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் படங்கள், சென்னையில் உள்ள ஜெர்மன், பிரெஞ்சுப் பண்பாட்டு மையங்களின் படங்கள் எல்லாம் சங்கம் என்றால் கேட்டுப் பெறலாம். வாசலில் டிக்கெட் கிழிக்காதீர்கள். டிக்கெட் என்றாலே தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின் உரிமம், வரி என்று கிளம்பும். ஆண்டுச் சந்தா வாங்குங்கள்.

தமிழ் சப்டைட்டில்

அதிகமாகக் கோட்டை விடுவது இங்கேதான். ஆங்கில சப்டைட்டிலோடு கொரியப் படத்தைப் போட்டால் மண்டபத்தில் கால்வாசிப் பேருக்குக்கூடப் போய்ச் சேராது. அவர்களும் படிப்பதற்குள் வரி மாறிவிடும்.

சப்டைட்டில் கோப்பு என்பது வெறும் எழுத்துக் கோப்புதான். வரிசை எண், தொடங்கும் நேரம், முடியும் நேரம், வசனம், ஒரு காலி வரி, அவ்வளவே. நேரம் 00:12:04,200 --> 00:12:07,000 என்ற அமைப்பில் இருக்கும். ஆங்கிலக் கோப்பை 'சப்டைட்டில் எடிட்' என்ற இலவச மென்பொருளில் திறந்து, நேரத்தைத் தொடாமல் வசனத்தை மட்டும் தமிழாக்கலாம். இரண்டு மணி நேரப் படத்தில் 1,000 முதல் 1,500 வரிகள் இருக்கும். நாலு பேர் பிரித்துக்கொண்டால் இரண்டு வாரத்தில் முடியும். ஆனால் பாத்திரங்களின் பெயர், யார் யாரை "நீ" என்கிறார், யாரை "நீங்க" என்கிறார் என்று ஒரு பக்கம் எழுதி நால்வரிடமும் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் முதல் பாதியில் அப்பாவை "நீங்க" என்ற மகன் இடைவேளைக்குப் பிறகு "டேய்" போடுவான்.

தமிழ்ச் சொல் நீளம். ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்குவது தமிழில் இரண்டு வரி கேட்கும். ஒரு தடவைக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், வரிக்கு ஐந்து சொல்லுக்கு மேலும் வேண்டாம். நொடிக்கு இரண்டு சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வசனம் மூன்று நொடி நின்றால் ஆறு சொல்தான். "நான் உன்னிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன் அல்லவா" என்பதை "அப்பவே சொன்னேனே" ஆக்குங்கள். பேச்சுத் தமிழ் இடத்தையும் மிச்சப்படுத்தும், படிக்கவும் வேகம். ஆனால் எல்லோருக்கும் தெரிந்த பேச்சுத் தமிழாக இருக்கட்டும், அரூர்ப் பேச்சைக் கொரியர் வாயில் வைத்தால் சிரிப்புதான் வரும்.

கோப்பைச் சேமிக்கும்போது யூ.டி.எஃப்-8 என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் திரையில் கட்டம் கட்டமாக வரும். டி.டி.பி. கடையில் கொடுத்து அடிக்கச் சொன்னால் இன்னொரு சிக்கல். பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்துக் கொடுப்பார்கள். அவர்கள் கணினியில் தமிழாகத் தெரிவது உங்கள் திரையில் அர்த்தமற்ற ஆங்கில எழுத்தாக ஓடும். யூனிகோடு என்று சொல்லி வாங்குங்கள், அல்லது எழுத்துரு மாற்றியில் மாற்றிக்கொள்ளுங்கள். கொம்பும் காலும் இடம் மாறித் தெரிந்தால் ஓட்டும் மென்பொருள் பழையது. வி.எல்.சி.-யைப் புதுப்பித்து, எழுத்துருவை நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது நிர்மலா என்று மாற்றுங்கள். தடித்த எழுத்து, வெள்ளை நிறம், கறுப்பு விளிம்பு. மெல்லிய எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளி தூரத்துக்குத் தெரியாது, அர்த்தமே மாறிவிடும்.

வரியின் உயரம் திரை உயரத்தில் 15-ல் ஒரு பங்கு இருக்கட்டும். சோதிக்க எளிய வழி: ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அது திணறினால் எழுத்து சிறிது, அல்லது வரி நீளம்.

சப்டைட்டில் பேச்சோடு ஒட்டாமல் போவது இரண்டு வகை. முதலிலிருந்தே ஒரே அளவு முந்தியோ பிந்தியோ வந்தால் வி.எல்.சி.-யில் ஜி, எச் விசைகளைத் தட்டினால் சரியாகிவிடும், தட்டுக்கு 50 மில்லி நொடி. தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் காரணம் வேறு. கோப்பு நொடிக்கு 23.976 சட்டகம் (ஃபிரேம்) ஓடும் பிரதிக்கு எழுதப்பட்டிருக்கும், உங்களிடம் இருப்பது 25 சட்டக டி.வி.டி. பிரதியாக இருக்கும். இரண்டு மணி நேரத்தில் இந்த வித்தியாசம் ஐந்து நிமிடத்துக்குப் போய்விடும். விசை தட்டித் துரத்த முடியாது. 'சப்டைட்டில் எடிட்'டில் சட்டக வேகத்தை மாற்றும் வசதியில் முந்தின நாளே மாற்றிவிடுங்கள்.

படிக்கத் தெரியாத முதியவர்கள் நிறைய வரும் ஊரில் ஒருவர் மைக்கில் வாசித்துச் சொல்லலாம். கூத்தில் கட்டியக்காரன் கதையை இழுத்துப் போவதைக் கேட்டு வளர்ந்த ஊர்கள் இவை, யாரும் அதைத் தொந்தரவாக நினைக்க மாட்டார்கள். வாசிப்பவர் ஒரே ஆளாக இருக்க வேண்டும். நடிக்கக் கூடாது. நடிகர் பேச ஆரம்பித்து அரை நொடி கழித்துத் தொடங்க வேண்டும், அழுகையிலும் பாட்டிலும் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

திரையும் புரொஜெக்டரும்

150 பேருக்கு 12 அடி அகலம், 6.75 அடி உயரம் போதும். கடைசி வரிசை திரை உயரத்தைப் போல் ஆறு மடங்கு தூரத்துக்குள், அதாவது 40 அடிக்குள். அதைத் தாண்டி நாற்காலி போடாதீர்கள், போட்டால் அந்த வரிசைதான் முதலில் காலியாகும்.

திரையின் கீழ் விளிம்பு எவ்வளவு உயரம் என்பதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம், ஏனென்றால் சப்டைட்டில் அங்கேதான் வரும். தரையில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தால் 4 அடி, நாற்காலி என்றால் 5 அடி. மண்டப மேடை 3 அடி இருந்தால் அதன் மேல் இன்னும் 2 அடி தூக்குங்கள். தூக்க முடியாத இடத்தில் வி.எல்.சி. அமைப்பில் சப்டைட்டில் இடத்தை மேலே நகர்த்தலாம்.

வெள்ளை வேட்டித் துணி ஒளியைப் பின்னால் கசியவிடும். பளபளப்பான ஃபிளக்ஸ் நடுவில் வெளிச்சப் பொட்டு காட்டும். பின்புறம் கறுப்பான மேட் ஃபிளக்ஸ் சரியானது, பேனர் கடையில் அச்சில்லாமல் அளவு சொல்லி வாங்கலாம். நான்கு பக்கமும் ஓரடிக்கு ஒரு வளையம் அடிக்கச் சொல்லுங்கள். இரும்புக் குழாய்ச் சட்டத்தில் இழுத்துக் கட்டினால் சுருக்கம் விழாது.

இருட்டான கூடத்தில் இந்த அளவுக்கு 3,000 லூமென்ஸ் (புரொஜெக்டரின் வெளிச்ச அளவு) போதும். தெருவிளக்கு எட்டும் திடலில் 4,000-க்கு மேல் வேண்டும். வாங்கும்போதும் வாடகைக்கு எடுக்கும்போதும் ஆன்சி அல்லது ஐ.எஸ்.ஓ. லூமென்ஸ் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஆன்லைனில் "9,000 லூமென்ஸ்" என்று மலிவாக வரும் பெட்டிகள் உண்மையில் சில நூறைத் தாண்டாது.

அரசுப் பள்ளி ஹைடெக் லேப் போன்ற இடங்களில் இருப்பது 1024-க்கு 768 என்ற பழைய விகிதப் புரொஜெக்டரா என்று முதலில் பாருங்கள். பாடத்துக்கு அது போதும். அகலத் திரைப் படத்தைப் போட்டால் 768-ல் 428 வரிகள்தான் படத்துக்கு, மீதி கறுப்புப் பட்டை. வெளிச்சத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வீண். வகுப்பறையில் 30 பேருக்குப் போடலாம், மண்டபத்துக்கு எடுத்துப்போக வேண்டாம்.

சாதாரணப் புரொஜெக்டருக்குத் திரை அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரம் வேண்டும், 12 அடிக்கு 18 அடி. அந்த இடம் கூட்டத்தின் நடுவில் வரும். மேசையில் வைத்துச் சுற்றிலும் நாலடிக்குக் கயிறு கட்டுங்கள், பிள்ளைகள் வயரில் கால் தடுக்குவதுதான் வழக்கமான விபத்து. லென்ஸைத் திரையின் நடுவுக்கு நேராக வையுங்கள். கோணலாக வைத்துவிட்டுக் கீஸ்டோன் பொத்தானால் நிமிர்த்தினால் படம் நேராகும், ஆனால் எழுத்து மங்கும்.

எச்.டி.எம்.ஐ. வயர் 10 மீட்டருக்கு மேல் போனால் படம் விட்டு விட்டு வரும். லேப்டாப்பைப் புரொஜெக்டர் பக்கத்திலேயே வைத்து, ஒலி வயரை மட்டும் நீளமாக இழுங்கள்.

ஒலி

வசனம் கேட்கவில்லை, பின்னணி இசை மட்டும் காதைப் பிளக்கிறது. இந்தப் புகாருக்குப் பெரும்பாலும் ஒரே காரணம். படத்தின் ஒலி 5.1 தடம், அதாவது ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்தது, அதில் வசனம் நடு ஸ்பீக்கருக்கானது. உங்களிடம் இருப்பது இடது, வலது இரண்டே. லேப்டாப்பின் ஒலி அமைப்பு ஸ்டீரியோவில் இல்லை என்றால் நடுத் தடம் எங்கேயும் போகாமல் நின்றுவிடும். விண்டோஸ் ஒலி அமைப்பில் ஸ்டீரியோ என்று மாற்றுங்கள், கோப்பில் இரண்டு தட ஒலி தனியாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். சவுண்டு சர்வீஸ்காரர் மிக்ஸரில் என்ன திருகினாலும் இது சரியாகாது.

கல்யாண மண்டபத்துக் கூம்பு ஸ்பீக்கர் அறிவிப்புக்கு மட்டுமே லாயக்கு. 12 அங்குல பவர்டு ஸ்பீக்கர் இரண்டு வாடகைக்கு எடுத்து, திரைக்கு இரு பக்கமும், உட்கார்ந்தவர் தலைக்குச் சற்று மேலே வையுங்கள். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள மண்டபத்தில் எதிரொலி கொல்லும். தரை முழுக்க ஜமுக்காளம், பின்சுவரில் கனத்த திரைச்சீலை அல்லது படுதா. பேஸைக் குறையுங்கள். சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்தே கூடும்.

ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்ற உறுமல் இருந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் சிக்கல். புரொஜெக்டர், லேப்டாப், மிக்ஸர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து எடுங்கள், அப்போதும் இருந்தால் லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவில் உறுமலைத் தடுக்கும் டி.ஐ. பாக்ஸ் என்ற சின்னப் பெட்டியைப் போடுங்கள்.

தேதி, கரண்டு, காடு

மாதாந்திரப் பராமரிப்பு மின்நிறுத்தம் எந்தத் துணைமின் நிலையத்துக்கு என்று நாளிதழில் முந்தின நாள் வரும். பகல் திரையிடலுக்கு அதைப் பார்க்காமல் இருக்கக் கூடாது. புரொஜெக்டர், லேப்டாப், இரண்டு ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவாட்டுக்குள்தான். 2 கே.வி.ஏ. ஜெனரேட்டர் தாராளம், 100 அடி தள்ளி ஒரு சுவருக்குப் பின்னால் வையுங்கள். புரொஜெக்டரை மட்டும் ஒரு யு.பி.எஸ். வழியாகக் கொடுங்கள். கரண்டு போய் ஜெனரேட்டர் எழும் இரண்டு நிமிடத்தில் புரொஜெக்டர் அணையாது. விளக்கு வகைப் புரொஜெக்டர் சூட்டோடு சட்டென்று அணைந்தால், குளிர்ந்து மறுபடி எரியப் பத்து நிமிடம் ஆகலாம், அதற்குள் பாதிக் கூட்டம் டீக்கடையில் இருக்கும்.

ஊர்ச் சந்தை நாள், எருது விடும் விழா, மாரியம்மன் பண்டிகை, பாரதக் கூத்து நடக்கும் ராத்திரிகள், இவற்றோடு போட்டி போடாதீர்கள், தோற்பீர்கள். திறந்தவெளி என்றால் மழை விட்ட ஐப்பசி மாலையில் ஈசல் ஒளிக்கற்றையை மொய்க்கும். தூரத்தில் ஒரு குண்டு பல்பு எரியவிட்டால் கொஞ்சம் அங்கே போகும். மார்கழிப் பனியில் லென்ஸ் மங்கும், ஓடத் தொடங்கும் அரை மணிக்கு முன்பே புரொஜெக்டரைப் போட்டுச் சூடாக்குங்கள். ஆடிக் காற்றில் 12 அடித் திரை பாய்மரம்தான், அந்த மாதம் உள்ளே போடுங்கள்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி, மாரண்டஅள்ளி, பஞ்சப்பள்ளி பக்கம் காட்டோரக் கிராமம் என்றால் இரவுத் திரையிடலே வேண்டாம். கேழ்வரகு அறுவடைக் காலத்தில் யானைக் கூட்டம் வயலுக்கு இறங்கும். படம் முடிந்து இருட்டில் நடந்து வீடு திரும்புகிறவர்கள்தான் ஆபத்தில் மாட்டுவார்கள். ஞாயிறு காலை 10 மணிக்குப் பள்ளிக்கூடத்தில் ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்துப் போடுங்கள். வனத்துறைப் பீட் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மற்ற ஊர்களிலும் ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு மேல் கூடாது. இரண்டேகால் மணி நேரப் படத்தை ஏழரைக்குத் தொடங்கினால் பேச நேரமே இருக்காது, ஆறரைக்குத் தொடங்குங்கள். காவல் நிலையத்துக்கும் பஞ்சாயத்துக்கும் ஒரு வாரம் முன்பு கடிதம்.

அன்றைக்கு

மதியத்துக்குள் எல்லாம் கட்டி, படத்தின் முதல் பத்து நிமிடம், நடுவில் இரண்டு நிமிடம், கடைசி ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். சப்டைட்டில் விலகல் கடைசியில்தான் தெரியும். பிரதி ஒன்று பென் டிரைவிலும் இருக்கட்டும். லேப்டாப்பில் ஸ்கிரீன்சேவர், தானாக உறங்குவது, வாட்ஸ்அப் அறிவிப்பு எல்லாவற்றையும் அணையுங்கள். அனுமதியோடு ஓ.டி.டி. செயலி வழியாக ஓட்டுவதாக இருந்தால் மலிவு எச்.டி.எம்.ஐ. பிரிப்பானை நடுவில் மாட்டாதீர்கள். நகல் பாதுகாப்பு வேலை செய்து ஒலி மட்டும் வரும், திரை கறுப்பாக நிற்கும்.

தொடங்கும் முன் பேச்சு மூன்று நிமிடம், மாலை மரியாதை கிடையாது. பொன்னாடை போர்த்த ஆரம்பித்தால் அரை மணி நேரம் போய்விடும். படம் எந்த நாடு, எவ்வளவு நேரம், சப்டைட்டில் கீழே வரும், இவ்வளவு போதும். நோட்டீசிலும் விருதின் பெயரைச் சின்னதாகப் போடுங்கள். "ஆஸ்கர்" என்று பெரிதாகப் போட்டால் 'நாட்டு நாட்டு' அளவுக்கு ஆட்டத்தை எதிர்பார்த்து வருவார்கள்.

முடிந்தபின் விளக்கைச் சட்டென்று போடாமல் பெயர்ப் பட்டியல் ஒரு நிமிடம் ஓடட்டும். விவாதம் 20 நிமிடம். "படம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்றுதான் பதில் வரும். "அந்த அப்பா கதவைத் திறந்தது சரியா?" என்று ஒரு குறிப்பிட்ட காட்சியைக் கேளுங்கள். மைக்கை முதலில் பின்வரிசைக்குக் கொண்டுபோங்கள், முன்வரிசையில் பேசத் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களிடம் போனால் திரும்பி வராது. யாராவது நடுவில் எழுந்து போயிருந்தால் எந்தக் காட்சியில், எந்த வரிசையிலிருந்து என்று ஒருவர் குறித்து வைக்க வேண்டும். நான்கு பேர் ஒரே மூலையிலிருந்து போயிருந்தால் அடுத்த மாதம் அந்த மூலைக்கு ஸ்பீக்கரைத் திருப்பி வையுங்கள், படத்தை மாற்ற வேண்டாம்.